வடசென்னைத் தடங்கள் – 14: பிளைவுட் கோர்ட்டும் சிவப்புக் கோர்ட்டும்

1945-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பிராட்வே சாலையில் இருந்த பிராட்வே தியேட்டரில் 'ஹரிதாஸ்' படம் ஓடிக்கொண்டிருந்தது. 1944 தீபாவளிக்கு வந்த படம் அது. அடுத்த தீபாவளியும் அதே தியேட்டரில், அதற்கடுத்த தீபாவளியும் அதே தியேட்டரில். மூன்று தீபாவளி கண்ட படம் என்று இன்றும் சொல்கிறோமே, அதுதான். மாலைக் காட்சிக்கு ஜனங்கள் முண்டியடித்தார்கள். திரையில் தியாகராஜ பாகவதர் பாடினார்.

ஆனால் அந்தப் பாகவதர் அப்போது சிறையில் இருந்தார். தியேட்டரிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் நிற்கிறது சென்னை உயர் நீதிமன்றம். அங்கேதான் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அவரும் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் குற்றவாளிக் கூண்டில் நின்றார்கள். 1944 நவம்பரில் வேப்பேரிப் பக்கம் கை ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்த பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் பொது மருத்துவமனையில் இறந்தார். நீதிபதி மாக்கெட் முன்னிலையில், ஜூரிகளை வைத்து வழக்கு நடந்தது. 1945 மே மாதம் தீர்ப்பு வந்தது: இருவருக்கும் ஆயுள் தண்டனை. அப்பீல் உயர் நீதிமன்றத்தில் தள்ளுபடியானது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பிய பிறகு, 1947 ஏப்ரலில்தான் இருவரும் விடுதலையானார்கள். மறு விசாரணையில் அவர்களுக்காக வாதாடியவர்களில் வி.எல். எத்திராஜும் ஒருவர்.

தமிழர்கள் பார்த்த முதல் பெரிய கோர்ட் நாடகம் சினிமாவில் நடக்கவில்லை. சினிமாக்காரர்களை வைத்து நிஜக் கோர்ட்டில் நடந்தது. அது நடந்த இடம் நம் ஜார்ஜ் டவுன்.

பத்து வருஷத்துக்குள் நிலைமை தலைகீழானது. தமிழர்கள் கோர்ட் என்றால் சினிமாவில் பார்த்த கோர்ட்டையே நினைக்கும் காலம் வந்துவிட்டது. அந்தக் கோர்ட்டுகளை எங்கே கட்டினார்கள், ஏன் அங்கே கட்டினார்கள், நிஜ வழக்குகள் நடந்த நம் பக்கத்துத் தெருக்கள் ஏன் படத்தில் வரவே இல்லை? இந்த வாரம் அதைப் பார்ப்போம்.

கோடம்பாக்கத்தில் எழுந்த நீதிமன்றம்

1952 தீபாவளி. அக்டோபர் 17-ஆம் தேதி 'பராசக்தி' வெளியானது. வேலூர் பி.ஏ. பெருமாள் முதலியாரின் நேஷனல் பிக்சர்ஸ், ஏ.வி.எம்.மோடு சேர்ந்து எடுத்த படம். இயக்கம் கிருஷ்ணன்–பஞ்சு, வசனம் மு. கருணாநிதி. சிவாஜி கணேசனுக்கு முதல் படம். காரைக்குடியில் நடந்துவந்த ஸ்டுடியோவை ஏ.வி. மெய்யப்பன் சென்னைக்குக் கொண்டுவந்து நாலைந்து வருஷம்தான் ஆகியிருந்தது. அந்தக் கோடம்பாக்கம் வளாகத்தில்தான் கதாநாயகன் குணசேகரனின் நீதிமன்றமும் செட்டாக எழுந்தது.

ஆரம்பத்தில் எடுத்த காட்சிகளைப் பார்த்த மெய்யப்பனுக்குத் திருப்தியில்லை. பையன் ஒல்லியாக இருக்கிறான், வேறு நடிகரைப் போடலாம் என்று பேச்சு எழுந்தது. பெருமாள் முதலியார் அசைந்து கொடுக்கவில்லை. சிவாஜி கொஞ்சம் உடம்பு தேறிய பிறகு, எடுத்த காட்சிகளில் பலவற்றைத் திரும்ப எடுத்தார்கள். செட் ஸ்டுடியோவுக்குள்ளேயே இருந்ததால்தான் அது முடிந்தது. நிஜக் கட்டடம் ஒன்றில் எடுத்திருந்தால், மறுபடி அனுமதி வாங்கி, மறுபடி விளக்கு கட்டி, அதே வெளிச்சத்தைக் கொண்டுவந்திருக்க முடியாது. ஒரு நடிகரின் வாழ்க்கையையே ஸ்டுடியோ சுவர்கள் காப்பாற்றிய கதை இது.

சிவாஜி முதன்முதலில் கேமரா முன் நின்று 'சக்சஸ்' என்று வசனம் பேசிய இடத்தில் ஏ.வி.எம். வளாகத்துக்குள் நினைவுச் சின்னம் இருக்கிறது. ஒரு ஷாட் எடுத்த இடத்துக்கே கல் வைத்திருக்கிறார்கள். இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

நிஜக் கோர்ட்டில் ஏன் எடுக்கவில்லை? உயர் நீதிமன்றத்துக்குள் கேமரா போவது எளிதில்லை என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் சத்தம். அந்தக் காலத்தில் வசனத்தை ஷூட்டிங் நடக்கும்போதே பதிவு செய்தார்கள். நடிகர் பேசுவதுதான் படத்தில் வரும். பின்னால் டப்பிங் பேசிச் சரிசெய்துகொள்ளும் வழக்கம் பிற்பாடு வந்தது. உயரமான கூரையும் கல் தூணும் உள்ள ஹாலில் பேச்சு எதிரொலிக்கும். ஜன்னலுக்கு வெளியே காக்கை கத்தும், பாரிமுனை டிராம் மணி அடிக்கும். மூச்சு விடாமல் பக்கம் பக்கமாகப் பேச வேண்டிய வசனத்தை அங்கே எப்படிப் பதிவு செய்வது? கதவைச் சாத்திய ஃப்ளோருக்குள் பிளைவுட் கோர்ட் கட்டுவதே வழி.

இன்னொரு காரணமும் உண்டு. அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நம் சினிமா கோர்ட் நாடக மேடையிலிருந்து வந்தது. மேடையில் நடிகர் ஜனங்களைப் பார்த்து நிற்க வேண்டும். அதனால் நீதிபதியை நடுவே உயரத்தில் உட்கார வைத்து, ஒரு பக்கம் சாட்சிக் கூண்டு, மறுபக்கம் குற்றவாளிக் கூண்டு, நடுவில் வக்கீல் உலவ ஒரு பெரிய வெற்றிடம் விட்டார்கள். எதிர்ச் சுவர் கிடையாது, அங்கே ரசிகர்கள். ஸ்டுடியோவுக்கு வந்தபோது ரசிகர்கள் இருந்த இடத்தில் கேமரா வந்து உட்கார்ந்தது. அவ்வளவுதான் மாற்றம்.

1973 தீபாவளிக்கு வந்த 'கௌரவம்' இதற்குச் சரியான சான்று. வியட்நாம் வீடு சுந்தரம் எழுதி, ஒய்.ஜி. பார்த்தசாரதியின் நாடகக் குழு மேடையேற்றிய 'கண்ணன் வந்தான்' நாடகம்தான் படமானது. சுந்தரமே இயக்கினார். பாரிஸ்டர் ரஜினிகாந்தாகவும் கண்ணனாகவும் சிவாஜி இரண்டு வேடம் கட்டினார். சபாவில் பார்த்த அதே நாடகக் கோர்ட், இன்னும் அகலமாக, இன்னும் மெருகாகத் திரைக்கு வந்தது.

அதே ஆண்டு, ராயபுரத்தில்

'பராசக்தி' வெளியாவதற்கு ஏழு வாரம் முன்பு, 1952 ஆகஸ்ட் 28-ஆம் தேதி, ராயபுரம் செமட்டரி ரோட்டில் ஒரு வீட்டில் ஒரு கொலை நடந்தது. கொல்லப்பட்டவர் ஆளவந்தார். பாரிமுனைச் சைனா பஜாரில், உயர் நீதிமன்றத்துக்கு எதிர்ப் பக்கம் இருந்த ஜெம் அண்டு கோ பேனாக் கடையை ஒட்டி வியாபாரம் செய்தவர். கொலை செய்தவர்கள் அந்த வீட்டில் குடியிருந்த தம்பதி.

தலையில்லாத உடல் ஒரு டிரங்குப் பெட்டியில் எழும்பூரிலிருந்து போட் மெயிலில் ஏறியது. தனுஷ்கோடி வரை போகும் அந்த ரயிலில், வழியில் நாற்றம் தாங்காமல் பயணிகள் புகார் சொல்ல, மானாமதுரையில் பெட்டியை இறக்கித் திறந்தார்கள். தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. இரண்டும் ஒரே ஆளுடையவை என்று சென்னை மருத்துவர்கள் உறுதி செய்தார்கள். அடுத்த ஆண்டு வழக்கு உயர் நீதிமன்றத்தில் ஜூரிகள் முன் நடந்தது. நீதிபதி ஏ.எஸ். பஞ்சாபகேச ஐயர், ஆங்கிலத்தில் கதையும் நாடகமும் எழுதியவர். கணவனுக்கு ஏழு ஆண்டு, மனைவிக்கு மூன்று ஆண்டு தண்டனை. பெண்ணிடம் தவறாக நடக்க முயன்றவர் ஆளவந்தார் என்ற வாதம் ஜனங்கள் மனத்தில் தம்பதி மீது இரக்கத்தை உண்டாக்கியது; தீர்ப்பும் அந்தக் காலத்துக்கு மென்மையானதுதான்.

இந்த வழக்கின் இடங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். பேனாக் கடை, ராயபுரம் வீடு, கடற்கரை, எழும்பூர் ஸ்டேஷன், கடைசியில் மறுபடி பேனாக் கடைக்கு எதிரே உள்ள சிவப்புக் கட்டடம். ஒரு கதாசிரியர் உட்கார்ந்து யோசித்தாலும் லொக்கேஷன்கள் இவ்வளவு நெருக்கமாக அமையாது. 'பராசக்தி' கோர்ட் வசனத்தை ஊரே மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்த அதே மாதங்களில், இந்த நிஜ வழக்கின் ஒவ்வொரு நாள் விசாரணைக்கும் கோர்ட் வாசலில் கூட்டம் கூடியது.

ஜூரி வைத்து நடத்தும் முறையே பிறகு போய்விட்டது. 1973-இல் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமில்லை. பாகவதர் வழக்கும் ஆளவந்தார் வழக்கும் இன்று நடந்தால், தனி நீதிபதி மட்டுமே கேட்டுத் தீர்ப்புச் சொல்வார்.

ஹாலிவுட்டிலும் இதே கதை

செட் கட்டுவது நமக்கு மட்டும் உரிய பழக்கமில்லை. உலகம் முழுக்க டி.வி. வழக்கறிஞர்களுக்கெல்லாம் தாத்தாவான பெர்ரி மேசன், ஏர்ல் ஸ்டான்லி கார்ட்னர் எழுதிய நாவல்களில் பிறந்தவர். 1957 முதல் 1966 வரை சி.பி.எஸ். தொலைக்காட்சியில் ரேமண்ட் பர் நடிக்க, 271 எபிசோட் ஓடியது. கதை முழுக்க லாஸ் ஏஞ்சல்ஸ் கோர்ட்டில் நடக்கும், ஷூட்டிங் ஸ்டுடியோவில். கடைசி நான்கு ஆண்டுகள் எங்கே எடுத்தார்கள் தெரியுமா? லா பிரியா சாலையில் இருந்த பழைய சார்லி சாப்ளின் ஸ்டுடியோவில். சாப்ளின் தன் ஊமைப் படங்களை எடுத்த அதே வளாகத்தில் பெர்ரி மேசன் குறுக்கு விசாரணை செய்தார். 1966 மே மாதம் ஒளிபரப்பான கடைசி எபிசோடில் நீதிபதியாக வந்து உட்கார்ந்தவர் கார்ட்னரே. அதுவரை கேமராவுக்குப் பின்னால் நின்ற தொழில்நுட்பக் கலைஞர்கள் பலருக்கும் அன்று முகம் காட்டும் வாய்ப்புக் கிடைத்தது. இருபது வருஷம் கழித்து அதே பெர்ரி மேசனை டி.வி. படங்களாக எடுத்தபோது, கனடாவின் டொரன்டோவிலும் பிறகு அமெரிக்காவின் டென்வரிலும் எடுத்தார்கள்.

'டு கில் எ மாக்கிங்பேர்ட்' படத்தின் கதை இன்னும் விசேஷம். நாவலாசிரியை ஹார்ப்பர் லீ பிறந்த அலபாமா மன்ரோவில் ஊரில் ஒரு பழைய கோர்ட் கட்டடம் உண்டு. கலை இயக்குநர்கள் அங்கே போய் அளவெடுத்து வந்து, யுனிவர்சல் ஸ்டுடியோவில் அப்படியே கட்டினார்கள். 1962-இல் வந்த அந்தப் படம் கலை இயக்கத்துக்கு ஆஸ்கர் வாங்கியது. ஒரு ஷாட்கூட எடுக்கப்படாத அந்த நிஜக் கோர்ட்டை மன்ரோவில்காரர்கள் என்ன செய்தார்கள்? மியூசியமாக்கினார்கள். ஆண்டுதோறும் ஊர்க்காரர்களே நடிகர்களாகி, அதே கோர்ட் அறையில் நாடகம் போடுகிறார்கள். சின்ன ஊர் அது. வெளியூர் ஆட்கள் தேடி வருகிறார்கள்.

செட் சொன்னதும் நிஜம் சொல்வதும்

மறுபடி நம் ஊருக்கு வருவோம். 1984-இல் கே. விஜயன் இயக்கிய 'விதி' வந்தது. தெலுங்கு 'நியாயம் காவாலி'யின் தமிழ் வடிவம். சுஜாதாவும் ஜெய்சங்கரும் வக்கீல்களாக மோதினார்கள். நீதி கேட்டு நின்ற பெண்ணாகப் பூர்ணிமா. வசனம் ஆரூர்தாஸ். படத்தின் ஒலிச்சித்திரக் கேசட் தமிழ்நாடு முழுக்க விற்றது. கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் டீக்கடையிலும் மைக் செட்டில் பாட்டுக்குப் பதில் கோர்ட் வசனம் ஓடியது. படமே பார்க்காத ஆட்களுக்கும் குறுக்கு விசாரணை மனப்பாடம். வயிற்றில் குழந்தையோடு ஏமாற்றப்பட்ட பெண் கோர்ட்டுக்குப் போகலாம், கேள்வி கேட்கலாம் என்பதை எழுதப் படிக்கத் தெரியாத வீடுகளுக்கும் அந்தக் கேசட் கொண்டுபோய்ச் சேர்த்தது. பிளைவுட் கோர்ட் செய்த நல்ல காரியங்களில் இதை முதலாவதாகச் சொல்வேன்.

அதே செட்கள் சில தவறான எண்ணங்களையும் நம் மண்டையில் ஏற்றிவிட்டன. திருவொற்றியூர், பொன்னேரி, ஜார்ஜ் டவுன் கோர்ட்டுகளுக்கு வாய்தாவுக்கு அலைந்தவர்களுக்குத் தெரியும், நிஜம் வேறு.

இந்திய நீதிபதி மேஜையில் சுத்தியல் கிடையாது. 'ஆர்டர் ஆர்டர்' என்று தட்டுவது வெளிநாட்டுப் படத்திலிருந்து வந்த பழக்கம். சாட்சி, கீதையிலோ குர்ஆனிலோ பைபிளிலோ கை வைத்துச் சத்தியம் செய்வதில்லை. 1969-ஆம் ஆண்டு உறுதிமொழிச் சட்டப்படி, கடவுள் பெயரால் என்றோ, உளமார என்றோ வாயால் சொன்னால் போதும். 'பராசக்தி'யில் வருவது போல அண்ணனே நீதிபதியாக உட்கார்ந்து தங்கை வழக்கைக் கேட்கவும் முடியாது. உறவு தெரிந்த நிமிஷமே வழக்கு வேறு கோர்ட்டுக்குப் போய்விடும்.

கோர்ட் அறைக்குள் போய்ப் பின் பெஞ்சில் உட்கார்ந்தால் முதலில் கண்ணில் படுவது வக்கீல்களின் முதுகு. வரிசையாகக் கறுப்பு கவுன், கழுத்துப் பட்டி, மேஜை மேல் வெள்ளை நாடா கட்டிய கேஸ் கட்டுகள். வக்கீல் நீதிபதியைப் பார்த்துப் பேசுவார், நம்மைப் பார்த்து இல்லை. பாதி வார்த்தை காதில் விழாது. நீதிபதிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் பெஞ்ச் கிளார்க் கட்டை எடுத்துக் கொடுப்பார். வாசலில் நிற்கும் டவாலி, கட்சிக்காரர் பெயரை உரக்க மூன்று முறை கூப்பிடுவார். கூப்பிட்டதும் கூட்டத்தில் ஒரு ஆள் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்து ஓடி வருவார். இரண்டு நிமிஷத்தில் அடுத்த தேதி சொல்லிவிடுவார்கள். வக்கீல் நடந்துபோய்ச் சாட்சியின் முகத்துக்கு நேரே விரல் நீட்டும் காட்சி அங்கே கிடையாது. இருக்கும் இடத்திலிருந்தே கேள்வி கேட்பார். சாட்சி சொல்வதை நீதிபதி சொல்லச் சொல்ல டைப் செய்வார்கள்.

அதுவும் கீழ்க் கோர்ட்டில். உயர் நீதிமன்றத்தில் பெரும்பாலும் அப்பீலும் ரிட் மனுவும்தான். கூண்டில் சாட்சி ஏறுவது அபூர்வம். 2021-இல் த.செ. ஞானவேல் இயக்கிய 'ஜெய் பீம்' அந்த அபூர்வத்தைத்தான் கதையாக எடுத்தது. 1993-இல் போலீஸ் காவலில் மறைந்துபோன பழங்குடி ஆள் ஒருவருக்காக வழக்கறிஞர் கே. சந்துரு நடத்திய ஆட்கொணர்வு மனு அது. அப்படிப்பட்ட மனுவில் சாட்சிகளை விசாரிக்க அனுமதி கேட்கும் இடத்தில்தான் கதை சூடு பிடிக்கிறது. அந்தப் படத்துக்காகக் கலை இயக்குநர் கதிர் சென்னை உயர் நீதிமன்ற அறையைப் போலவே செட் போட்டார். பழைய மேடைக் கோர்ட்டின் வாசனை இல்லாத செட். சூர்யா நடித்த வழக்கறிஞர் பெரும்பாலான நேரம் மேஜையை விட்டு நகரமாட்டார். நிஜ சந்துரு பிறகு நீதிபதியானபோது, தனக்கு முன்னால் கட்டியம் கூறிக்கொண்டு நடக்கும் டவாலியே வேண்டாம் என்றார். 'மை லார்டு' என்று கூப்பிட வேண்டாம் என்றும் சொன்னார்.

'ஜெய் பீம்' படத்துக்கு இரண்டு வருஷம் முன்பு வந்த 'நேர்கொண்ட பார்வை' சென்னையில் நடக்கும் கதை. கோர்ட் காட்சிகள் உட்பட பெரும்பகுதி எடுத்தது ஐதராபாத் ராமோஜி ஃபிலிம் சிட்டியில். கதையில் சென்னை, கேமராவுக்கு முன்னால் தெலங்கானா.

மில்லுக்குள் ஒரு வழக்கு

இனி நம் வீட்டு வாசலுக்கே வருவோம். மாதவரத்திலிருந்து மூலக்கடை தாண்டிப் பெரம்பூர் போனால் பின்னி மில். 1876-இல் தொடங்கிய பக்கிங்ஹாம் மில்லும் அதற்குப் பிறகு வந்த கர்நாட்டிக் மில்லும் சேர்ந்த பி அண்டு சி. சென்ற வாரம் அதன் சங்குச் சத்தத்தில் விடிந்த காலத்தைப் பார்த்தோம். 1996-இல் மில் மூடிய பிறகு, அந்தச் செங்கல் சுவரும் உயர்ந்த கொட்டகைகளும் சினிமாக்காரர்களுக்கு வரப்பிரசாதமாயின. ஜெயில், குடோன், பழைய சென்னைத் தெரு, சண்டைக் காட்சி எதுவானாலும் 'பின்னி மில்லுல ஷூட்டிங்' என்பது வடசென்னைக்காரர்களுக்குப் பழகிய பேச்சு. கோடம்பாக்கத்திலும் வளசரவாக்கத்திலும் முடிந்துபோன இடத்தை எங்கள் பக்கம் கொடுத்தது.

அங்கே செட் போட்டவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், அந்த இடமே இந்தியாவின் மிகப் பெரிய வழக்கு ஒன்றின் களம் என்று? 1918 ஏப்ரல் 27-ஆம் தேதி இந்த மில் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் முன்முயற்சி எடுக்க, பி.பி. வாடியா தலைவரானார், திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவர். நாட்டில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். 1920-இல் தகராறு முற்றியது. நிர்வாகம் உயர் நீதிமன்றத்துக்குப் போய் வாடியா மீதும் மற்ற தலைவர்கள் மீதும் வழக்குப் போட்டது. வேலைநிறுத்தத்துக்குத் தூண்டி ஒப்பந்தத்தை மீற வைத்தார்கள், நஷ்ட ஈடு கொடு என்பது வழக்கு. கோர்ட் தடையுத்தரவு போட்டது. சங்கம் நடத்துவதே சட்டப்படி குற்றமாகிவிடும் நிலை.

அதன் எதிரொலி டெல்லி வரை கேட்டது. 1921-இல் மத்திய சட்டசபையில் என்.எம். ஜோஷி தொழிற்சங்கங்களுக்குப் பாதுகாப்புக் கேட்டுத் தீர்மானம் கொண்டுவந்தார். ஐந்து வருஷம் கழித்து, 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. தொழில் தகராறில் சங்கத் தலைவர்கள் மீது இப்படி வழக்குப் போட முடியாது என்ற பாதுகாப்பு அந்தச் சட்டத்தின் உயிர்நாடி. இன்று துறைமுகத்திலோ மணலி ஆலையிலோ சங்கக் கொடி ஏற்றுகிறவர்கள் எல்லாரும் பெரம்பூர் மில் வழக்குக்குக் கடன்பட்டவர்கள். ஒரு முழு நீளக் கோர்ட் படத்துக்கான கதை, கதை நடந்த இடம், ஷூட்டிங் நடத்தும் வசதி மூன்றும் ஒரே வளாகத்துக்குள் இருந்தன. எத்தனையோ படத்துக்கு இடம் கொடுத்த மில், தன் சொந்தக் கதைக்கு ஒரு கேமராவைப் பார்க்கவில்லை. இன்று அங்கே அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுகின்றன.

என் கோரிக்கை

நம் சினிமா கோர்ட்டுகள் கோடம்பாக்கத்தில் பிறந்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சத்தம், வெளிச்சம், அனுமதி என்று நியாயமான காரணங்கள் இருந்தன. குறை நம்மிடம் இருக்கிறது. ஏ.வி.எம்.மில் ஒரு ஷாட்டுக்கு நினைவுச் சின்னம் வைத்தார்கள். மன்ரோவிலில் படமே எடுக்காத கோர்ட்டைக் காப்பாற்றினார்கள். 'ஹரிதாஸ்' மூன்று தீபாவளி ஓடிய பிராட்வே தியேட்டர் இருந்த இடத்திலும், பெரம்பூர் மில் வாசலிலும் நாம் என்ன வைத்திருக்கிறோம்?

1892 ஜூலை 12-ஆம் தேதி திறந்த உயர் நீதிமன்றக் கட்டடம் மட்டும் அசையாமல் நிற்கிறது. ஹென்றி இர்வின் கட்டி முடித்தது. 1894 முதல் 1977 வரை அதன் உச்சிக் கோபுரமே கலங்கரை விளக்கம். ராயபுரம், காசிமேட்டுக் கட்டுமரங்கள் அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கரை திரும்பின. ஒரு கோர்ட் கட்டடம் மீனவர்களுக்கு வழி காட்டிய ஊர் இது.

சென்னை மாநகராட்சிக்கும் தொல்லியல் துறைக்கும் ஒரு வேண்டுகோள்: பெரிய செலவில்லை, இந்த இடங்களில் இரண்டு வரி எழுதிய பலகை போதும். வாசகர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். பின்னி மில்லில் வேலை பார்த்தவர்கள், அங்கே செட் வேலைக்கு ஆசாரியாக, பெயின்டராக, லைட்மேனாகப் போனவர்கள் மாதவரத்திலும் வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் இருக்கிறார்கள். எந்தப் படத்துக்கு எந்தக் கொட்டகையில் எந்தச் செட் போட்டார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள். கொட்டகைகள் போய்க்கொண்டிருக்கின்றன.

கடைசியாக ஒன்று. நம் சட்டப்படி கோர்ட் என்பது திறந்த இடம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 327-ஆவது பிரிவும், 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்திருக்கும் புதிய சட்டத்தின் 366-ஆவது பிரிவும் அதைத்தான் சொல்கின்றன. பாலியல் குற்றம் போன்ற சில வழக்குகளைத் தவிர, இடமிருக்கும் வரை எந்தக் குடிமகனும் உள்ளே வந்து உட்கார்ந்து விசாரணையைக் கவனிக்கலாம். 2022 முதல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு விசாரணைகளை வீட்டிலிருந்தே நேரலையில் பார்க்கவும் முடிகிறது. அருகில் உள்ள கோர்ட்டில் ஒரு காலைப் பொழுது போய் உட்காருங்கள். பிள்ளைகளையும் ஒருமுறை அழைத்துப் போங்கள். அனுமதிக்கு டிக்கெட் இல்லை.

(தொடரும். அடுத்த வாரம்: 1856-இல் ராயபுரத்திலிருந்து புறப்பட்ட தென்னிந்தியாவின் முதல் ரயில்.)